நீல அட்டையும் நெல் வயலும்: காவிரிப் படுகையில் விதைச் சான்றின் வரலாறு

இந்தியாவில் நெல் விதைக்குச் சான்று பெறுவது கட்டாயம் அன்று. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம், அரசு அறிவிக்கை செய்த ரகங்களை விற்பவர் குறைந்தபட்ச முளைப்புத்திறனையும் தூய்மையையும் காப்பாற்றி, மூட்டையில் விவர அட்டை கட்ட வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. சான்று வேண்டும் என்பவர் சான்றளிப்புத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்பவர் தரத்துக்குத் தானே பொறுப்பேற்று, பச்சை அட்டை கட்டி ‘உண்மைநிலை விதை’ என விற்கலாம். தன் வயலில் விளைந்த விதையைத் தன் இடத்திலேயே வைத்து இன்னொரு விவசாயிக்கு விதைப்புக்குக் கொடுப்பவரை, அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு முழுவதுமாக விலக்கிவிடுகிறது. மீறலுக்கான தண்டனையும் லேசானது. முதல் முறை அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். மறுபடியும் மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பருவந்தோறும் விவசாயிகள் தங்கள் வயலை விதைப் பண்ணையாகப் பதிவு செய்கிறார்கள். கூலி ஆள் விட்டு, வேறு ரகச் செடிகளான கலவனைப் பிடுங்குகிறார்கள். அலுவலர் வந்து கதிர்களை எண்ணிப் பார்க்கும்வரை காத்திருக்கிறார்கள். அவர் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் ஏற்றுக்கொள்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு விதிமுறைக்கு இவ்வளவு பேர் எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்பது காவிரிப் படுகையின் வேளாண் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி.

சான்று வருவதற்கு முன் விதையின் தரம் வீட்டுக்குள் இருந்தது. அறுவடைக்கு முன்பே நல்ல விளைச்சல் கண்ட ஒரு பாத்தியை விதைக்கென்று விட்டுவைப்பது, அதைத் தனியாக அடித்துக் காயவைப்பது, வைக்கோலால் இறுக்கிக் கட்டி விதைக்கோட்டையாக்குவது அல்லது குதிரில் தனியாகப் போட்டுவைப்பது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. விதை கெட்டுப்போனவர் அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொண்டார். யாருடைய விதை சுத்தம், யாருடையதில் பதர் அதிகம் என்பது ஊருக்கே தெரியும். எழுதிவைக்காத அந்த மதிப்பீடு சிறிய வட்டத்துக்குள் நன்றாகவே வேலை செய்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும் அதற்கு மதிப்பில்லை. முகம் தெரியாதவர் விற்கும் நெல் விதையாகுமா, அரைக்க வைத்திருந்த நெல்லா என்று பார்வையால் சொல்ல வழியில்லை. விதைத்து, நட்டு, பூத்த பிறகுதான் உண்மை தெரியும். அதற்குள் பருவம் போய்விடும்.

இந்தச் சிக்கல் பெரிதானதற்கு ஆடுதுறைக்கு நேரான பங்குண்டு. 1922இல் அங்கே தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், படுகையில் பயிராகிவந்த நாட்டு நெற்களிலிருந்து தனிச்செடித் தேர்வு செய்து, ஏ.டி.டி. என்ற எழுத்துகளோடு எண்ணும் சேர்த்து ரகங்களை வெளியிட்டது. நாட்டு நெல்லில் சிறு வேறுபாடுகள் இருப்பது இயல்பு. வெள்ளமோ வறட்சியோ வந்தால் அந்த வேறுபாடே ஓரளவு காப்பாற்றும். எண் பெற்ற ரகத்தின் பயன் முழுக்க முழுக்க அதன் ஒருமையில் இருக்கிறது. ஒரே நாளில் பூத்து, ஒரே நாளில் முற்றி, ஒரே உயரத்தில் நின்றால்தான் அது அந்த ரகம். மூன்று நான்கு பருவங்கள் கவனிக்காமல் விட்டால் ரகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

1960இல் நாடு முழுவதும் சில மாவட்டங்களில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்று. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று ஊரில் அழைக்கப்பட்ட இதில் விதை, உரம், கடன் எல்லாம் சேர்ந்து வந்தன. 1960களின் நடுவில், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டி ஆடுதுறை தந்த ஏ.டி.டி. 27, குறுவைப் பட்டத்தில் வேகமாகப் பரவியது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. வயலில் கலப்பு இருந்து ஒரு பகுதி பத்து நாள் தாமதமாக முற்றினால், முற்றியது உதிரும், முற்றாதது மழையில் சாயும். கலப்பு விதையின் விலை என்ன என்பதைப் படுகை விவசாயி எந்த அதிகாரியும் சொல்லாமலே கணக்கிடக் கற்றது இந்தக் காலத்தில்தான். பின்னர் வந்த கட்டுப்பாட்டுக்கு இந்த அனுபவமே அடித்தளம்.

உலகில் விதைப் பரிசோதனை தொடங்கியதும் கலப்படத்தின் மீதான கோபத்திலிருந்துதான். 1869இல் ஜெர்மனியின் தாரண்ட் நகரில் ஃப்ரீட்ரிக் நோபே முதல் விதைப் பரிசோதனை நிலையத்தை அமைத்தார். சான்றளிப்பு அதற்கடுத்த படி. 1904இல் உருவான கனடா விதை உற்பத்தியாளர் சங்கமும், 1919இல் வட அமெரிக்காவில் எழுந்த சர்வதேசப் பயிர் மேம்பாட்டுச் சங்கமும் அரசு ஆணையால் பிறந்தவை அல்ல. தங்கள் விதை மற்றவருடையதிலிருந்து வேறு என்று காட்ட விரும்பிய உற்பத்தியாளர்கள் தாங்களே விதி வகுத்து, அதற்குத் தாங்களே உட்பட்டார்கள்.

இந்தியாவில் வரிசை தலைகீழாக இருந்தது. 1963இல் தேசிய விதைக் கழகம் தோன்றி, தான் உற்பத்தி செய்யும் விதைக்காக வயலாய்வு செய்யத் தொடங்கியது. 1966இல் சட்டம், 1968இல் விதிகள், 1971இல் குறைந்தபட்சச் சான்றளிப்புத் தரங்கள் என்று மேலிருந்து கட்டடம் எழுந்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச் சான்றளிப்புத் துறை 1979இல் தனித்து இயங்கத் தொடங்கியது. விதையைப் பெருக்கி விநியோகிப்பது வேளாண்மைத் துறை. அந்த விதையை ஆராய்ந்து ஏற்பதோ தள்ளுவதோ வேறொரு துறை. இந்தப் பிரிவினை நிர்வாகச் செய்தி போலத் தோன்றலாம். உண்மையில் அட்டைக்கு மதிப்பு வந்ததற்கு இதைவிட முக்கியமான காரணம் குறைவு. விற்பவரே சான்றும் தருவாரென்றால் அந்தச் சான்றை எந்த விவசாயியும் இரண்டாம் பருவத்தில் நம்பமாட்டார்.

விதைக்கு மூன்று தலைமுறை. ரகத்தை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையத்தின் நேரடிக் கண்காணிப்பில் விளைவது வல்லுநர் விதை. அதற்குப் பொன்மஞ்சள் அட்டை. அதிலிருந்து ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து சான்று விதை, நீல அட்டை. விவசாயி வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கி விதைப்பது பெரும்பாலும் இந்த நீல அட்டை மூட்டையைத்தான்.

விதைப் பண்ணை வைப்பவர் முதலில் மூல விதை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட வேண்டும். வாங்கிய ரசீதும், மூட்டையில் இருந்த அட்டையும் இல்லாமல் பதிவே நடக்காது. விதைத்த 35 நாளுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாள் முன்பாக, இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் விதைப்பறிக்கை கொடுக்க வேண்டும். பக்கத்து நெல் வயலுக்கும் விதை வயலுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் இவ்வளவு போதும். வீரிய ஒட்டு நெல்லின் சான்று விதைக்கு இதே விதி 100 மீட்டர் கேட்கிறது. முந்தைய பட்டத்தில் உதிர்ந்து தானாக முளைத்த செடிகள் வயலில் இருக்கக் கூடாது.

பூக்கும் காலத்திலிருந்து அறுவடை வரை குறைந்தது இரண்டு முறை விதைச் சான்று அலுவலர் வயலில் இறங்குவார். ஐந்து ஏக்கர் வரையுள்ள வயலில் ஐந்து இடங்களில், ஒவ்வொன்றிலும் ஆயிரம் கதிர் என்று கணக்கெடுப்பு. சான்று விதைக்கு ஆயிரத்துக்கு இரண்டு கலவன் வரை அனுமதி. ஆதார விதைக்குப் பத்தாயிரத்துக்கு ஐந்துதான். காட்டு நெல் என்றால் கண்டிப்பு இன்னும் அதிகம்: சான்று விதையில்கூடப் பத்தாயிரத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது.

இந்த எண்களை வயலில் உண்மையாக்குவது கலவன் பிடுங்கும் வேலை. பூப்பதற்கு முன் ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, முற்றும்போது ஒரு முறை என்று ஆட்கள் வரிசையாக இறங்குவார்கள். உயரம் மிஞ்சிய செடி, முந்திப் பூத்தது, இலையுறையில் நிறம் மாறியது, நெல்லில் மீசை நீண்டது, மணி பருத்தது என்று ஒவ்வொன்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய வேண்டும். தூரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோட வேண்டும். கதிரை மட்டும் கிள்ளினால் பக்கக் கிளைப்பு மறுபடியும் கதிர்விடும். இடையிடையே நடக்க இடம் விட்டு நட்ட வயலில் இந்த வேலை எளிது. பெரும்பாலும் இதைச் செய்கிறவர்கள் விவசாயத் தொழிலாளர்களான பெண்கள். சான்றட்டையில் உற்பத்தியாளர் பெயர் இருக்கிறது, அலுவலரின் கையொப்பம் இருக்கிறது. அந்த அட்டையைச் சாத்தியமாக்கும் கண் இவர்களுடையது. எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இல்லை. இந்த முறையின் வரலாற்றை எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அறுவடைக்குப் பின் களத்தில் இன்னொரு சுற்று. வேறு ரகம் அடித்த களமென்றால் கூட்டித் துடைக்க வேண்டும். பழைய சாக்கில் ஒட்டியிருக்கும் நாலு நெல்லும் கணக்கில் வரும். காய்ந்த நெல் விதைச் சுத்தி நிலையத்துக்குப் போய்ச் சல்லடையில் பிரிந்து, குவியல் எண் பெற்று, மாதிரி விதைப் பரிசோதனை நிலையத்துக்குச் செல்லும். அங்கே 98 சதவீதப் புறத்தூய்மை, 80 சதவீத முளைப்பு, 13 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதம், கிலோவுக்கு 20க்கு மிகாத பிற ரக நெல் என்று தேற வேண்டும். முளைப்புக்கு 400 விதைகளை வைத்து 14 நாள் கழித்து எண்ணுவார்கள். தேறினால் அட்டை, முத்திரை, ஒன்பது மாத ஆயுள். பிறகு மறுபரிசோதனையில் தேறினால் ஆறு மாத நீட்டிப்பு.

இவ்வளவு விதிகளுக்கும் உட்படுவதற்கான காரணத்தை அலுவலரின் அதிகாரத்தில் தேடினால் கிடைக்காது. மாவட்டம் முழுவதற்கும் சில அலுவலர்களே இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வயலைப் பருவத்துக்கு இரண்டு மூன்று முறை பார்க்கிறார்கள். மற்ற நாட்களில் வயலுக்குக் காவல் உரிமையாளர்தான்.

முதல் காரணம் விலையும் வாங்குபவரும். தேறிய விதையை வேளாண்மைத் துறை தன் விநியோகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. அதற்குச் சாதாரண நெல்லைவிடக் கூடுதல் விலை கிடைக்கிறது. பணம் சோதனைக்குப் பின்னால் வருகிறது என்பதே இங்கு முக்கியம். விதைச் சட்டம் விற்றபின் கடையில் மாதிரி எடுத்து வழக்குத் தொடுக்கிறது. சான்றளிப்பு விற்பதற்கு முன்பே வயலில் நின்று எண்ணுகிறது. 500 ரூபாய் அபராதம் செய்ய முடியாததை, அட்டை கிடைக்காது என்ற ஒரே நிலைமை செய்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் நெல்லுக்கே உரியது. விதையாகத் தேறாத நெல் வீணாவதில்லை. அது சாப்பாட்டு நெல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆகத் தோற்றவருக்கு இழப்பு, கூடுதல் விலையும் கலவன் பிடுங்கிய கூலியும்தான். பயிரே போய்விடும் என்ற பயம் இல்லாதபோது பொய் சொல்லத் தூண்டுதலும் குறைகிறது. இந்த முறை படுகையில் நிலைத்ததற்கு நேர்மையாக விலகிக்கொள்ள ஒரு வழி திறந்தே இருந்தது பெரிய காரணம். கட்டாயச் சான்றாக இருந்திருந்தால், தேறாத வயல்காரர் எப்படியாவது தேறியே தீர வேண்டியிருக்கும்; அலுவலர் மீதான அழுத்தமும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

தோல்வியும் ஒரே அடியில் வருவதில்லை. வயலாய்வில் கலவன் அதிகமாக இருந்தால், உடனே தள்ளாமல் மறுபடியும் பிடுங்கச் சொல்லி இன்னொரு முறை பார்க்க இடமிருக்கிறது. அலுவலர் வரப்பில் நின்று எது கலவன், எது தண்ணீர் தேங்கியதால் உயரம் மாறிய அதே ரகம் என்று காட்டுகிறார். பல விதைப் பண்ணைக்காரர்களுக்கு இந்த ஆய்வு தேர்வு அறையாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்திருக்கிறது. விதியின் காரணம் கண்ணுக்குத் தெரியும்போது அதற்கு உட்படுவது எளிது. மூன்று மீட்டர் ஏன், களத்தை ஏன் கூட்ட வேண்டும் என்பதை நெல் பயிரிடுபவருக்கு விளக்கத் தேவையே இல்லை.

மூன்றாவது, ஊர். விதைப் பண்ணை வயல் தெருவோரத்தில், வாய்க்காலோரத்தில் எல்லோரும் பார்க்க நிற்கிறது. அங்கே விளைந்தது பெரும்பாலும் அதே வட்டாரத்துக்கே விதையாகத் திரும்புகிறது. ஏ.டி.டி. 43 என்று அட்டை கட்டிய மூட்டையில் வேறு நெல் முளைத்தால், குவியல் எண்ணை வைத்து எந்தப் பண்ணை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. விதைக்கோட்டைக் காலத்தின் பழைய மதிப்பீடு இங்கே அழியவில்லை. அட்டை அதை ஊருக்கு வெளியேயும் கொண்டுசென்றது.

பதிவு செய்ய வருபவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஓரளவு நிலம், நம்பகமான தண்ணீர், கலவன் பிடுங்கக் கூலி கொடுக்கும் வசதி, காயவைக்கக் களம் இருப்பவரே பெரும்பாலும் வருகிறார். விதியைக் கடைப்பிடிக்க ஏற்கெனவே வல்லவரே விதிக்குள் நுழைகிறார் என்பதால் கீழ்ப்படிதல் உண்மையைவிடச் சற்று அதிகமாகத் தோன்றும். வாரத்துக்கோ குத்தகைக்கோ ஓரிரு ஏக்கர் பயிரிடுபவர் நல்ல விவசாயியாக இருந்தாலும் இந்தக் கூடுதல் விலை அவருக்கு எட்டுவது கடினம். அது இந்த முறையின் குறை. அதை மறைக்க வேண்டியதில்லை.

தன்னார்வம் மட்டுமே போதும் என்று எண்ணிய முயற்சிகள் என்ன ஆயின என்பதற்கு வேறு துறையில் சான்று இருக்கிறது. 1984 போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் வேதித் தொழிற்சாலைகள் கனடாவில் 1985இலும் அமெரிக்காவில் 1988இலும் ‘பொறுப்பான பராமரிப்பு’ என்ற உறுதிமொழித் திட்டத்தைத் தொடங்கின. அமெரிக்கத் திட்டத்தை ஆராய்ந்து ஆண்ட்ரூ கிங்கும் மைக்கேல் லெனாக்ஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, உறுப்பினர் நிறுவனங்கள் உறுப்பினரல்லாதவற்றைவிட வேகமாக மாசைக் குறைக்கவில்லை என்று காட்டியது. அப்போது வெளியாள் வந்து சோதிக்கவும் இல்லை, தவறியவரை நீக்கவும் இல்லை. பெயர் மட்டும் கிடைத்தது. நெல் வயலில் கதிரை எண்ணும் வெளியாள் இருக்கிறார், தராமல் நிறுத்த ஓர் அட்டை இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு எங்கே தளர்கிறது என்பதும் தெளிவு. ஆள் பற்றாக்குறையால் அறுவடை இயந்திரம் படுகை முழுவதும் பரவியபின், முந்தைய வயலின் நெல் இயந்திரத்துக்குள் தங்கி அடுத்த வயலின் விதையில் கலக்கிறது. முதலில் விழும் ஒன்றிரண்டு மூட்டை நெல்லை ஒதுக்கிவிடுவது இதற்கான மாற்று. வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது அதற்குக்கூடப் பொறுமை வேண்டும். மழையில் நனைந்த குறுவையை 13 சதவீதத்துக்குக் காயவைக்கக் களமோ வெயிலோ கிடைக்காது. சாதாரண நெல்லின் கொள்முதல் விலைக்கும் விதை விலைக்கும் இடைவெளி சுருங்கும் ஆண்டுகளில் பதிவு செய்தவர்களே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் விதியை மீறவில்லை. விதிக்கு வெளியே போனார்கள்.

அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்கே சான்று என்பதால் மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி போன்ற பாரம்பரிய நெல் பெரும்பாலும் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றது. அவற்றை மீட்டவர்கள் வேறொரு கட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள். தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழிவந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 150க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு கிலோ விதை வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே விதி. அட்டை இல்லை, அபராதம் இல்லை. 2018இல் அவர் மறைந்த பின்னும் விதைத் திருவிழாக்கள் தொடர்கின்றன.

இயற்கை வேளாண்மைச் சான்றில் இரண்டு வழிகள் உருவாயின. ஏற்றுமதியை மனத்தில் கொண்டு 2001இல் வந்த தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் 2007இல் அங்ககச் சான்றளிப்புத் துறை அமைந்தது. இன்று விதைச் சான்றும் அங்ககச் சான்றும் ஒரே துறையில் இருக்கின்றன. இந்த வழியில் வெளியிலிருந்து ஆய்வாளர் வருவார். மற்றது பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து மதிப்பிடுவார்கள். செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிக்கு எட்டுவது இதுதான். ஆனால் பக்கத்து வயல்காரர் ரசாயன உரம் போட்டதைப் பார்த்தவர், நாளைக்கு அதே வாய்க்காலில் தண்ணீர் பங்கிட வேண்டியவர். உறவு, சாதி, கடன் எல்லாம் கலந்த ஊரில் ஒருவர் தவறை இன்னொருவர் எழுதிக்கொடுப்பது எளிதன்று. விதைப் பண்ணையில் ஊரின் கண்ணும் வெளி அலுவலரின் கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன. இங்கே ஊரின் கண் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது.

2023 ஏப்ரலில் மத்திய அரசு ‘சாத்தி’ என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. மூட்டை அட்டையில் உள்ள கியூ.ஆர். குறியீட்டின் வழியே விதையின் மூலத்தையும் அது கடந்துவந்த கைகளையும் பின்தொடர இது வழிசெய்கிறது. முன்பு குவியல் எண்ணையும் பதிவேட்டையும் வைத்து ஊர்க்காரர்கள் தேடிக் கண்டதை, இனி வாங்குபவர் கைப்பேசியிலேயே பார்க்க முடியும். போலி அட்டையைப் பிடிக்க இது நன்கு உதவும். மூட்டைக்குள் இருக்கும் நெல் ஒரே ரகம்தானா என்பதற்கு மட்டும் இன்றும் அலுவலர் ஆயிரம் கதிர் எண்ணுகிறார். அவருக்கு முன்பே பெண்கள் வயலில் மூன்று முறை இறங்கி ஏறியிருக்கிறார்கள்.